எதிரிக்காக எழுந்து நிற்பவர்



ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நாலு பேர் கூடினால் ஊர்ப் புதினம் அடிபடும். அப்படியொரு நாளில், கொலை வழக்கொன்றில் அகப்பட்ட அயலூர்ப் பொடியனைப் பற்றிப் பேச்சு வந்தது. "செய்தவனுக்குச் சட்டத்தரணி என்னத்துக்கு? காசுக்காகக் குற்றவாளிக்குப் பரிந்து பேசுறதும் ஒரு தொழிலே?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கூடி நின்ற எவரும் மறுத்துரைக்கவில்லை. நானுந்தான். வீட்டுக்கு வந்த பின்னரே அந்தக் கேள்வி மனதை அரிக்கத் தொடங்கிற்று.

"செய்தவன்" என்று தீர்த்தது யார்? அன்றைக்கு நடந்திருந்தது இவ்வளவே: பொலிசார் நீதவானுக்கு அறிக்கை கொடுத்தார்கள்; நீதவான் அவனை விளக்கமறியலில் வைத்தார். சாட்சி ஒன்றேனும் விசாரிக்கப்படவில்லை. குற்றஞ் சாட்டப்பட்ட ஒவ்வொருவரும் குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை சுற்றவாளி என்றே கொள்ளப்படவேண்டும் என 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 13ஆம் உறுப்புரையில் கூறுகின்றது. நேரிலோ சட்டத்தரணி மூலமோ தன் பக்கத்தைக் கேட்பிக்கும் உரிமையும் அதே உறுப்புரையில் இருக்கின்றது. ஆனால் எமது நீதிமன்றத் தமிழைப் பாருங்கள். குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு அங்கே பெயர் "எதிரி". யாருக்கு எதிரி? வழக்கேட்டில் அது வெறும் சொல்லாக இருக்கலாம். வாயிலில் நின்று கேட்கும் தாய்க்கு அப்படியில்லை.

குற்றச்சாட்டு என்பதும் ஒற்றை வார்த்தையன்று. ஒருவர் இறந்து கிடக்கிறார், இன்னொருவர் கையில் கத்தி. ஊருக்கு இது கொலை. பேச்சு அத்துடன் முடிந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையோ மேலும் பல கேட்கின்றது. கொல்லும் எண்ணம் இருந்ததா? கடுமையான, சடுதியான ஆத்திரமூட்டல் நடந்ததா? தன் உயிரைக் காக்கவா ஓங்கினான்? கொலை எனத் தீர்ந்தால் மரண தண்டனை. 1976இற்குப் பின் இந்நாட்டில் அது நிறைவேற்றப்படவில்லையாயினும் தீர்ப்பு அதுவே. கொலையாகாத குற்றமுள்ள மனிதக் கொலை எனத் தீர்ந்தால் இருபது ஆண்டுக்கு மேற்படாத மறியல். தற்காப்பு என்றால் குற்றமே இல்லை. பிரேதம் ஒன்றுதான், கத்தியும் ஒன்றுதான். இந்த வேறுபாட்டை, பாடசாலையை எட்டாம் வகுப்பில் விட்டு, மறியல் உடுப்போடு கூண்டில் நடுங்கி நிற்கிறவன் எடுத்துச் சொல்வானா?

"செய்திருந்தால் ஒப்புக்கொள்ளட்டுமே, நாம் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொள்வதில்லையா?" என்பீர்கள். அங்கே எம்மைக் குற்றஞ் சாட்டுபவர் நாமேதான். கேட்பவர் மன்னிக்க இருக்கிறார். பொலிஸ் நிலையத்தில் நடப்பது வேறு. பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதல் சான்றாகாது என 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் விதித்தது அனுபவத்தினாலேயே. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த வேலியைப் பிடுங்கிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ செய்த ஒப்புதல் சான்றாகும். அது பலவந்தத்தால் வந்ததென்று காட்டும் பாரம் எதிரியின் தலையில். மட்டக்களப்புப் பகுதியில் 1993இல் கைதான இளைஞர் ஒருவருக்கு 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவருக்கெதிராக இருந்தது, அவர் வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்டுப் பெருவிரல் அடையாளம் பெறப்பட்ட ஒப்புதல் ஒன்றே. மேன்முறையீட்டில் முப்பத்தைந்து ஆண்டாயிற்று. சட்டத்தரணிகள் விடவில்லை, ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவரை கொண்டு சென்றார்கள். அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லையென 2004இல் அக்குழு கண்டது. 2006இல் எமது உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆயினும் நடந்தது என்னவென்று உலகம் அறிய வந்தது, அவருக்காக எழுந்து நிற்க ஆள் இருந்தமையாலேயே.

எங்கள் விவிலியத்திலுள்ள சூசன்னாவின் கதை உங்களுக்குத் தெரியும். குற்றஞ் சாட்டியவர்கள் முதியவர்கள், அதிலும் நடுவர்கள். எனவே சபை நம்பிற்று, மரண தண்டனையும் விதித்தது. இளைஞன் தானியேல் செய்தது என்ன? இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தின்கீழ் கண்டீர் என்று தனித்தனியே கேட்டான். ஆளுக்கொரு மரத்தைச் சொன்னார்கள். இதையே நீதிமன்றில் குறுக்கு விசாரணை என்கிறோம். அவள் நல்லவள் என்று அவன் அங்கே பிரசங்கம் செய்யவில்லை.

சரி, எதிரி உண்மையாகவே செய்தவன், அதைச் சட்டத்தரணியிடமும் சொல்லிவிட்டான் என்றால்? சங்கடமான இடம் இதுதான். பொய்ச் சாட்சி தேடிக் கொடுப்பதும், பொய்யென்று தெரிந்ததை மெய்யென்று மன்றிற்குச் சொல்வதும் பாவமே. தொழில் என்ற போர்வை அதை மூடாது. அப்படிச் செய்வோரும் இல்லாமலில்லை. ஆனால் வழக்குத் தொடுநர் தம் வழக்கை எண்பிக்கட்டும் என்று நிற்பதும், செய்த குற்றத்துக்கு மேலாக ஒருவன் தண்டிக்கப்படாமற் பார்ப்பதும் பொய்யாகா. உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள் என்று அவனுக்குத் தனிமையில் புத்தி சொல்லக்கூடியவரும் பெரும்பாலும் அவர்தான்.

காசு என்ற குறை நியாயமானதே. தவணைக்குத் தவணை சங்கிலியும் காப்பும் அடகுக் கடைக்குப் போன வீடுகளை நான் அறிவேன். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வருமானங் குறைந்தோருக்கு உதவுகின்றது. கேட்டுப் போகப் பலர் வெட்கப்படுகிறார்கள். பிரித்தானியில் 1303இல் இறந்த புனித இவோ குருவாகவும் வழக்கறிஞராகவும் இருந்தவர். ஏழைகளுக்காகக் கூலியின்றி வாதாடியமையாலேயே இன்றும் வழக்கறிஞர்களின் பாதுகாவலராகப் போற்றப்படுகிறார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெரியவரைக் கண்டேன். நிக்கொதேமுவைப் பற்றிக் கேட்டேன். இயேசுவைப் பிடிக்கவேண்டுமென்று தலைவர்கள் துடித்தபோது, ஒருவனை விசாரியாமல் எமது சட்டம் தீர்ப்பிடுமா என்று கேட்ட ஒரே மனிதர் அவர். "அவர் கேட்டது நியாயந்தானே" என்றார் பெரியவர். அதற்கு மற்றவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டேன். சற்று யோசித்தார். "நீயும் கலிலேயனோ எண்டு கேட்டவை" என்றார்.