லாரி அண்ணன் இன்னும் வரவில்லை

பூச்சாண்டியை எந்தப் பிள்ளையும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் நம் வீடுகளில் அவனுக்கு நிரந்தரமாக ஓர் இடமுண்டு. பிள்ளை சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பான். தூங்க அடம்பிடித்தால் மாடிப்படியில் இறங்கி வருவான். அஞ்சுகண்ணன், பிள்ளைபிடிக்கிறவன் என்று அவனுக்கு ஊருக்கு ஊர் பங்காளிகள் வேறு. கைக்குழந்தை தூக்கத்தில் சிரித்தால் நரி வந்து விளையாட்டுக் காட்டுகிறது என்பார்கள் பாட்டிகள். பெரியாழ்வார் திருமொழியில் கண்ணன் அப்பூச்சி காட்டிப் பயமுறுத்துவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஏழாவது அம்புலி. குழந்தையோடு விளையாட வா என்று வராத நிலாவைக் கெஞ்சியும் மிரட்டியும் கூப்பிடுவதுதான் அதற்கு வேலையே.

கண்ணுக்கும் கைக்கும் எட்டாதவர்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவதில் இவ்வளவு தாராளமாக இருக்கும் நாம், பிள்ளை தானாக ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தால் மட்டும் கலங்கிப்போகிறோம். இது என்னை வெகுநாளாக உறுத்துகிற விஷயம்.

என் தங்கை மகளுக்கு மூன்றரை வயதில் ‘லாரி அண்ணன்’ வந்து சேர்ந்தான். எதிர்மனையில் வீடு கட்ட செங்கல் லாரிகள் வந்துபோன காலம் அது. அதில் ஒன்றிலிருந்து இறங்கியிருக்கலாம். அவனுக்கு மீசை உண்டு, ஆனால் வயது ஐந்துதான். காரம் ஆகாது. நாயைக் கண்டால் பயப்படுவான். மழை பெய்தால் வரமாட்டான், தார்ப்பாய் கட்டுகிற வேலை இருக்குமாம். காலையில் தோசை சாப்பிடும்போது ஒரு விள்ளலைப் பிய்த்து, வாசல்படியின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள். வைத்த பிறகு, சட்னி எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து ஒரு தடவை பார்ப்பாள். ஒட்டியிருந்தால் பாவாடை நுனியால் துடைத்துவிடுவாள்.

பெரியவர்கள் ஆளுக்கொரு விதமாக இதை எதிர்கொண்டார்கள். என் அம்மா திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசி உச்சியில் ஊதினார். விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளையை வாசல்படியில் உட்கார விடாதே, காத்துக் கருப்பு பட்டிருக்கும், பள்ளிவாசலில் கொண்டுபோய் ஓதிவிட்டு வா என்று தங்கையிடம் சொன்னார். தங்கை கணவர் இதையெல்லாம் ஒப்புக்கொள்ளாதவர். அவர் படியருகே உட்கார்ந்து, காற்றில் கையை இப்படியும் அப்படியும் வீசி, “பாருடா தங்கம், இங்க யாருமே இல்ல” என்று நிரூபித்துக் காட்டினார். தங்கையின் வழி இந்த இரண்டையும் விடச் சாதுரியமானது. இன்றைய பெற்றோரில் பலர் கையாள்வதும் அதுதான். “லாரி அண்ணன் எல்லாத்தையும் சாப்ட்டு முடிச்சிட்டான்டி. நீதான் பாக்கி, வாயைத் திற” என்றாள்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. “இல்லம்மா. அவன் இன்னும் வரவே இல்ல.”

தன் வீட்டு விஷயத்தில் அடுத்த வீட்டுக்காரர் நுழைந்தால் ஒரு குடும்பத்தலைவி எப்படி மரியாதை குறையாமல் வாசலிலேயே நிறுத்துவாரோ, அப்படி நிறுத்தியது அந்தக் குழந்தை. மூன்று பேரில் அவள் திருத்திப் பேசியது தங்கையை மட்டும்தான். திருநீற்றுக்கு நெற்றியைக் காட்டினாள். அப்பா கையை வீசியபோது சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படுகிறவரும் மறுக்கிறவரும் வெளியே நிற்பவர்கள்; அவர்களால் லாரி அண்ணனுக்கு ஒன்றும் ஆகிவிடாது. தங்கையோ உள்ளே நுழைந்து, அவன் எப்போது வந்தான், என்ன சாப்பிட்டான் என்பதைத் தானே முடிவு செய்துவிட்டாள். பிள்ளையால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாத சிநேகிதர்களுக்கு அன்பான பெற்றோரால்தான் அதிகத் தொந்தரவு என்று நான் நினைப்பது இதனால்தான். திட்டுகிற அப்பனிடமிருந்து பிள்ளை அந்தத் தோழனை ஒளித்து வைத்துக்கொள்ளும். கொஞ்சிக்கொண்டே தோழனைத் தன்வசமாக்கிக்கொள்கிற அம்மாவிடமிருந்து எங்கே ஒளிப்பது?

அகதா கிறிஸ்டியின் சுயசரிதையில் இதற்கு நெருங்கிய ஒரு சம்பவம் வருகிறது. அவருக்குச் சின்ன வயதில் கண்ணுக்குத் தெரியாத பூனைக்குட்டிகள் விளையாட்டுத் துணையாக இருந்தன. ஒருநாள் அவரை வளர்த்த தாதி, வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம், குழந்தை பூனைக்குட்டிகளோடு விளையாடுகிறாள் என்று பேச்சுவாக்கில் சொல்கிறார். கேலியாகச் சொன்ன பேச்சு அல்ல. தாதி அவர் மிகவும் நேசித்த மனுஷி. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்ததும் குழந்தை அதிர்ந்துபோகிறது. தன் பூனைகளைப் பற்றித் தாதிக்குத் தெரியும், அதை இன்னொருவரிடம் சொல்லவும் செய்கிறார் என்பதே பேரிடியாக இருக்கிறது. இனி விளையாடும்போது வாய்விட்டுப் பேசுவதே இல்லை என்று முடிவெடுக்கிறது. பின்னாளில் அவர் தனக்கென ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்களையே உருவாக்கிக்கொண்டார். வயதான காலத்திலும், அலமாரியில் ஓர் உடையை எடுத்து வைக்கும்போது இது அவர்களில் ஒருத்திக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றுவதுண்டு என்று எழுதியிருக்கிறார். தோழிகள் ஆயுள் முழுக்கத் தங்கினார்கள். வாய்விட்டுப் பேசுவதுதான் நின்றுபோனது.

ஒரு தாதி ஒரு பெண்ணிடம் சொன்ன ஒற்றை வாக்கியத்துக்கே இப்படி. இன்று பிள்ளை வெறும் நாற்காலியோடு பேசுவதைக் கதவிடுக்கிலிருந்து செல்போனில் பிடித்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறோம். சித்தப்பாவும் அத்தையும் சிரிக்கிற பொம்மைகளை அனுப்புகிறார்கள். பொங்கலுக்கு வருகிற விருந்தாளி, “எங்கடி உன் லாரி அண்ணன், எனக்குக் காட்டு” என்று கேட்கிறார். பிள்ளை அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. வெட்கப்படுகிறாள் என்று சொல்லி எல்லோரும் மறுபடியும் சிரிக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது எனக்கு.

தங்கை கணவரின் கவலைக்கு விடை ஆராய்ச்சிகளில் கிடைக்கிறது. இல்லாததை இருப்பதாக நம்பி ஏமாந்துவிடுவாளோ என்பதுதானே அவர் பயம்? ஆரிகன் பல்கலைக்கழகத்தின் மார்ஜரி டெய்லர் இந்தத் தோழர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2004-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் 100 குழந்தைகளைப் பற்றிய தகவல் இருந்தது. ஏழு வயதுக்குள் அவர்களில் 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இப்படி ஒரு துணை இருந்திருக்கிறது. இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கிற அதிசயமே இல்லை. தனிமையில் வாடுகிற, கூச்சம் பிடித்த பிள்ளைகளுக்குத்தான் இது வரும் என்ற பழைய எண்ணமும் நிற்கவில்லை. இன்னொன்று: ஆய்வாளர்கள் சிரத்தையாகக் கேள்விமேல் கேள்வி கேட்கும்போது, இது சும்மா விளையாட்டுக்குத்தான், நிஜம் இல்லை என்று குழந்தைகளே அவர்களுக்கு எடுத்துச் சொல்வதுண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அது தெரிந்தே இருந்தது. படியில் அவள் வைத்தது ஒரு விள்ளல் தோசை. பசியோடு நிஜமாகவே ஒருவன் வருவான் என்று நம்பியிருந்தால் முழுத் தோசையை வைத்திருப்பாள். அவள் கை அப்படி.

அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரியோடு ராத்திரியாகக் காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. வாசல்படியும் அந்திப்பொழுதும் அவர்களுக்கு வெறும் படியும் பொழுதும் அல்ல. நம் நாட்டில் இன்னொரு விளக்கமும் தயாராக இருக்கிறது: பூர்வஜென்ம வாசனை. பிள்ளை, “என்னோட இன்னொரு வீட்ல…” என்று ஆரம்பித்தால் போதும், எந்த ஊர், அப்பா பேர் என்ன என்று விசாரணை தொடங்கிவிடும். ஆன்டோனியா மில்ஸ் என்ற மானிடவியலாளர் 2003-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அமெரிக்கப் பிள்ளைகளின் கற்பனைத் தோழர்களையும் முற்பிறவி நினைவு பேசுவதாகச் சொல்லப்படும் இந்தியப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கே விளையாட்டு என்று விட்டுவிடுகிறார்கள், இங்கே போன பிறவி என்று ஆராய்கிறோம். பெரியவர்கள் எந்தக் கதையோடு காத்திருக்கிறார்களோ அந்தக் கதைக்குள்தான் பிள்ளையின் பேச்சு போய் விழுகிறது. திருநீறு ஒரு கெடுதலும் செய்யாது. பூசுகிற விரல் நடுங்கினால்தான் ஆபத்து. அந்த நடுக்கத்தைப் பிள்ளை பார்த்துவிட்டால், அதுவரை சிநேகிதனாக இருந்தவன் பேயாகிவிடுவான்.

சரி, என்னதான் செய்வது? தங்கை கணவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தெருமுனையில் இரண்டு நாய்கள் எப்போதும் படுத்திருக்கும். பால்வாடிக்குப் போகும்போது அந்த இடம் வந்ததும் பிள்ளை நடையைக் குறைத்துவிடும். பயமாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கதவைத் திறந்தபடியே அவர் ஒரு காலையில் சாதாரணமாகக் கேட்டார்: “லாரி அண்ணன் இன்னைக்கு வர்றானா?” அவள் கொஞ்சம் யோசித்தாள். “வர்றான்ப்பா. அவனுக்கு நாய்னா பயம்ல, நீங்க அந்தப் பக்கமா நடங்க.” அவரும் நாய்ப் பக்கமாக நடந்தார். வேறொன்றும் பேசவில்லை. தங்கையும் அவரும் லாரி அண்ணனின் பேரைத்தான் சொன்னார்கள். தங்கை, அவன் சாப்பிட்டுவிட்டான் என்று அறிவித்தாள். இவர் வருகிறானா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். முடிவைப் பிள்ளையின் கையிலேயே விட்டார். பால் கொட்டியதற்கு லாரி அண்ணன்மேல் பழி விழும் நாட்களிலும் இதே வழி செல்லும்: யார் கொட்டியிருந்தால் என்ன, ரெண்டு பேருமாகச் சேர்ந்து துடைத்துவிடுங்கள்.

இந்தத் தோழர்கள் வீட்டைக் கவனிக்கிறார்கள் என்பதும் உண்மை. அமெரிக்க எழுத்தாளர் ஆடம் காப்னிக் 2002-இல் தன் மூன்று வயது மகளின் தோழனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சார்லி ரவியோலி என்று அவனுக்குப் பெயர், நியூயார்க்வாசி. விளையாட்டுப் போனில் எப்போது அழைத்தாலும் அவனுக்கு வேலை, ஓய்வே கிடையாது. சில காலத்தில் அவனுக்கு வரும் அழைப்புகளை எடுக்க உதவியாளர் ஒருத்தியே வந்துவிட்டாள். தகப்பன் திகைத்துப்போய், உளவியல் அறிஞரான தன் சகோதரி அலிசன் காப்னிக்கிடம் கேட்கும் அளவுக்குப் போனது. அந்தக் குழந்தை தன்னைச் சுற்றியிருந்த பெரியவர்களிடமிருந்துதான் ரவியோலியைச் செய்திருந்தது. நம் அடுக்குமாடி வீடுகளிலும் எப்போதும் மீட்டிங்கில் இருக்கிற, டியூஷன் முடிந்து வராத தோழர்கள் இருக்கக்கூடும். காதில் விழுந்தால் நம் நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகப் பிள்ளையை உட்காரவைத்து வாக்குமூலம் வாங்கக் கூடாது.

கவலைப்பட வேண்டிய வேளைகளும் உண்டு. அந்தத் தோழன் வந்தாலே பிள்ளை அரண்டுபோகிறதா? உன்னையோ மற்றவரையோ காயப்படுத்து என்று அவன் சொல்வதாகவும், மறுக்க முடியவில்லை என்றும் சொல்கிறதா? சாப்பாடு, தூக்கம், மற்றப் பிள்ளைகளோடு விளையாட்டு எல்லாம் நின்றுபோனதா? ரகசியத்தை அம்மாவிடம் சொல்லாதே என்கிற ‘மாமா’வோ ‘அண்ணனோ’ பேச்சில் வருகிறானா? அவன் கற்பனையாக இல்லாமலும் இருக்கலாம். அப்போது பதறாமல், உடனே காது கொடுங்கள். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எங்கள் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். டெய்லரின் அதே ஆய்வில், 27 சதவீதக் குழந்தைகள் சொன்ன தோழர்களைப் பற்றி அவர்களின் பெற்றோருக்குத் தெரிந்தே இருக்கவில்லை. மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ ஆறு வயதில் ஜன்னல் கண்ணாடியில் ஊதி, அந்த ஆவியில் விரலால் கதவு வரைந்து, அதன் வழியாகப் போய்த் தன் தோழியைப் பார்த்து வந்ததை வளர்ந்து பெரியவரான பிறகுதான் நாட்குறிப்பில் எழுதினார். 1939-இல் தான் வரைந்த ‘இரண்டு ஃப்ரீடாக்கள்’ ஓவியம் அந்த நினைவிலிருந்து வந்தது என்று அதில் குறித்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதவு இருக்கலாம். தேடிப்போய்த் துருவ வேண்டாம். சாப்பிடக் கூப்பிடும்போது கொல்லைப்புறத்தில் யாரோடோ பேசுகிற குரல் கேட்டால், நின்ற இடத்திலிருந்தே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, பேசி முடித்து அவளாக வரும்வரை தட்டை மூடி வைத்திருங்கள்.