கறுப்பு குறையல்ல



"பொண்ணு நல்ல பொண்ணுதான் ஐயா, கலர்தான் கம்மி" என்று விசுவாசிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த அளவுகோலை நமக்குக் கொடுத்தது யார்? வேதமா? சினிமாவும் விளம்பரமும்தானே! 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. சிவப்பானால்தான் கல்யாணம், சிவப்பானால்தான் வேலை என்று டி.வி.யில் பிரசங்கம்பண்ணியது. 2020-ல் அந்தக் கம்பெனியே 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, குளோ அண்ட் லவ்லி என்று ஆக்கிற்று. விற்றவனே பேரை மாற்றிவிட்டான். நாம் இன்னும் மனசை மாற்றவில்லை!

எண்ணாகமம் 12-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மோசே எத்தியோப்பிய ஸ்திரீயை விவாகம்பண்ணினதற்காக மிரியாம் விரோதமாய்ப் பேசினாள். நடந்தது என்ன? பேசினவளுடைய சரீரமே குஷ்டத்தால் வெளுத்துப்போயிற்று! வெண்மை அங்கே ஆசீர்வாதமாக அல்ல, தண்டனையாக வந்தது.

நம்ம ராஜகிரி கருங்கல் மலைதானே? அண்ணாந்து பார்த்து அழகு என்கிறோமே! அந்த மலையை உண்டாக்கின கரம்தான் அந்தப் பிள்ளையையும் உருவாக்கிற்று. அவளைக் குறை சொன்னால், யாரைக் குறை சொல்லுகிறோம்?

சம்பந்தம் பேசும்போது குணத்தைக் கேளுங்கள், ஜெபஜீவியத்தைக் கேளுங்கள். நிறத்தைக் கேட்காதிருங்கள். கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.