அன்புக்குத் தகைமை எதற்கு?

பிள்ளை பார்க்கவும் முதியோரைப் பேணவும் படிப்பு எதற்கு, அன்பிருந்தால் போதாதா என்று கேட்போர் பலர். கேட்பதற்கு இனிமையான கேள்விதான். ஆனால் இக்கேள்வியால் இதுவரை ஆதாயம் பெற்றவர் யார் என்பதை, ஊவாவின் தேயிலை மலைகளில் நின்று நாம் ஆராய்தல் வேண்டும்.

பசறையிலோ மடுல்சீமையிலோ பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண், சட்டம் தரும் 84 நாள் விடுப்பு முடிந்ததும் கொழுந்துக் கூடையை மீண்டும் தலையில் மாட்டுகிறாள். குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குப் போகிறது. வெள்ளைத் துரைமார் காலத்தில் அங்கே காவலிருந்தவள், மலையேற இயலாது ஓய்ந்துபோன ஒரு கிழவி. மலிவாகக் கிடைத்தாள் என்பதே அவளுடைய தகுதி. அவளது அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால் தொண்டையில் உணவு சிக்கிய குழந்தைக்கு என்ன செய்வது, வயிற்றுப்போக்கில் உடலின் நீர் வற்றுவதை எவ்வாறு கண்டுகொள்வது என்பதை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அறிவின் துணையில்லாத அன்பு, குழந்தையின் அருகிலிருந்து அழத்தான் முடியும்.

1992 இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் முயற்சியால் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தனர். இது முன்னேற்றமே. ஆனால் லயத்து அறையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவருக்கு இவ்வாறு பயின்ற கை எங்கே?

2019 இல் இலங்கை ஜப்பானுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே அந்நாட்டு முதியோரைப் பேணச் செல்பவர், மொழித் தேர்விலும் பராமரிப்புத் தேர்விலும் தேறவேண்டும். அங்கே முதியோர் பராமரிப்புக்கென 2000 முதல் தனிக் காப்புறுதி இருக்கிறது. ஆகவே தகைமை என்பது பராமரிப்பவரின் அறிவை மட்டும் அளக்கும் கோலன்று. பராமரிக்கப்படுபவரைச் சமுதாயம் எவ்வளவு மதிக்கிறது என்பதையும் அது அளக்கிறது. 1948 இல் குடியுரிமை மறுக்கப்பட்ட மக்களின் மழலைக்கும் முதுமைக்கும் பயிலாத கையே போதும் என்ற எண்ணம் தற்செயலானதன்று.

சான்றிதழ் ஒரு வேலியாகி, நாற்பதாண்டு அனுபவமுள்ள ஏழைப் பெண்ணை வெளியே தள்ளிவிடாதா? நியாயமான அச்சம். ஏழு மட்டங்கள் கொண்ட நமது தேசிய தொழிற் தகைமை முறையில், அனுபவத்தால் கற்றதைச் சோதித்து அங்கீகரிக்க வழியுண்டு. அவ்வழி அவளுக்குத் திறக்க வேண்டுமாயின், சோதனை தமிழில் நடைபெற வேண்டும். பதுளையிலேயே நடைபெற வேண்டும். பயிற்சி நாளுக்கும் சம்பளம் வழங்கப்பட வேண்டும். பெற்ற தகைமைக்கேற்ற ஊதியமும் வேண்டும். 'தாயுள்ளம்' என்று புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைப்பது, புகழுரை வடிவில் வரும் சுரண்டலே.

பதுளையில் 2005 இல் எழுந்த ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்குப் பட்டப்படிப்பு வகுக்கப்பட்டது. இலையைப் பதப்படுத்த ஒரு கல்வி உண்டெனில், அந்த இலையைப் பறிப்பவளின் குழந்தையையும், பறித்து ஓய்ந்த முதியவளையும் பேணுவதற்கு ஒரு கல்வி வேண்டாமா? ஆசிரியர்களும் மாணவர்களும் இக்கேள்வியை உரத்துக் கேட்கட்டும்.