இதில் உங்கள் பங்கு என்ன?

வடிவமைப்புக் கல்வியை முடித்து வேலை தேடும் மாணவரிடம் நிறுவனங்கள் முதலில் கேட்பது மதிப்பெண் பட்டியலை அன்று. போர்ட்ஃபோலியோ எனத் துறையினர் வழங்கும் பணித்தொகுப்பையே கேட்கின்றன. படிப்புக்காலத்தில் செய்த பணிகளுள் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, எந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடப்பட்டது, பயன்படுத்துவோரிடம் என்னென்ன கேட்டறியப்பட்டன, எந்த வரைவுகள் ஏன் கைவிடப்பட்டன, செய்துபார்த்த மாதிரி எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பவற்றை வரிசையாக விளக்கும் ஆவணம் அது. நேர்காணலில் மாணவர் அதைப் பக்கம் பக்கமாக விளக்கிச் செல்லும்போது, எதிரே இருப்பவர் ஓரிடத்தில் நிறுத்தி, இதில் உங்கள் பங்கு என்ன என்று கேட்பார். தொழில் நோக்கில் மிக எளிய கேள்விதான். ஆயினும் ஒரு செயலைச் செய்தவர் உண்மையில் யார் என்னும் பழைய சிக்கல், சமயவாணர்கள் கர்த்திருத்துவம் என்று பெயரிட்டு நெடுங்காலமாக வாதிட்டு வந்த சிக்கல், அதற்குள் முழுமையாக அடங்கியிருக்கிறது.

விடை சொல்லும் மாணவர் இரண்டு பிழைகளுள் ஒன்றில் விழுவதற்கு வாய்ப்பு மிகுதி. நால்வர் கூடிச் செய்த பணியைத் தனதென்றே சொல்லிவிடுவது ஒன்று. தன் கையால் செய்த பகுதியைக்கூடத் தனியே எடுத்துச் சொல்லக் கூசி, குழுவின் உழைப்பு, ஆசிரியரின் வழிகாட்டல், இறைவனின் அருள் என்று சொல்லி ஒதுங்கிவிடுவது மற்றொன்று. முதலாவதைக் குற்றமென்று சொல்ல எவரும் தயங்குவதில்லை. இரண்டாவதோ பணிவு என்று பாராட்டப்படுகிறது. தற்புகழ்ச்சி தகாது என்று வீட்டிலும் கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பாகவும் வந்துவிடுகிறது. அந்தப் பாராட்டு பொருந்துமா என்பதை ஆராய நாஞ்சில் நாடு மிகத் தகுந்த இடமாகும்; ஏனெனில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் வாழும் கன்னியாகுமரி மாவட்டத்தில், இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகள் தந்த மரபுகள் ஒன்றுக்கொன்று நடந்தே சென்றுவிடும் தொலைவில் வாழ்ந்து வருகின்றன.

பெயர் சொல்லாமல் செய்வதே உயர்ந்தது என்னும் கருத்துக்கு இம்மண்ணில் சான்றுகள் குறைவில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களைச் செதுக்கியவரின் பெயரையோ, பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தின் மரக்கூரையில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமல் 90 மலர் வடிவங்களைக் குடைந்த தச்சரின் பெயரையோ அங்கு வந்து வியப்பவர்கள் அறிவதில்லை. கொழும்பில் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி (1877–1947), மரபுக் கலைஞர் தம் பெயரைப் பொறிக்காததைத் தன்முனைப்பு கரைந்த நிலையின் அடையாளமாகவே விளக்கினார். அவ்விளக்கத்தில் ஆழமுண்டு, ஆனால் அது முழு உண்மையன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைப் பெயர் சுட்டிக் குறிக்கிறது. பேலூரில் போசளர் காலச் சிற்பிகள் தாம் செதுக்கிய உருவங்களின் அடியிலேயே தம் பெயர்களை வெட்டி வைத்தனர். ஆகவே பெயரின்மை என்பது எங்கும் சமய நெறியாக இருந்ததில்லை. பல இடங்களில் அது பெயர் கேட்கப்படாமையின் விளைவே.

இவ்வேறுபாட்டை நாகர்கோவிலின் பின்னல் லேஸ் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1821ஆம் ஆண்டளவில் தம் பள்ளிச் சிறுமியருக்கு இக்கைத்தொழிலைக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல்தான் என்பதால், அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொண்டே தம் விடுதலையை வாங்கினர். தொடங்கி வைத்தவரின் பெயர் நூல்களில் நிற்கிறது. தம் விரல்களால் தம்மையே மீட்டுக்கொண்ட அப்பெண்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் நிற்கவில்லை. இதை அகந்தை அழிந்த நிலை என்று போற்றுவது அவர்களுக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதியாகும். தானே விரும்பித் துறந்த பெயர் வேறு. ஒருபோதும் கொடுக்கப்படாத பெயர் வேறு.

தன்செயல் இழத்தலைப் பேசிய மரபுகளைக் கூர்ந்து பார்த்தால், அவையும் செய்தவரை அழித்துவிடவில்லை என்பது புலப்படும். நம்மாழ்வாரின் தாய் உடையநங்கை பிறந்த ஊர் என்று மரபு கொண்டாடும் திருப்பதிசாரம், திருவண்பரிசாரம் என்னும் பெயரோடு அவர் பாடிய தலங்களுள் ஒன்று, திருவட்டாறு மற்றொன்று. திருவாய்மொழியைப் பாடியவர் தாமல்லர், தம்மைக் கருவியாகக் கொண்டு திருமால் தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்று ஒரு பதிகம் முழுவதும் நெகிழ்ந்து சொன்ன அதே ஆழ்வார், பதிகத்தின் இறுதிப் பாசுரத்தில் குருகூர்ச் சடகோபன் என்று தம் ஊரையும் பெயரையும் பதித்துச் செல்கிறார். முத்திரை என்று வழங்கும் இவ்வழக்கம், பாடலை யார் பொறுப்பேற்றுச் சொல்கிறார் என்பதைக் கேட்பவருக்கு அறிவிப்பது. அருளால் வந்தது என்பதும் என் வாய்வழி வந்தது என்பதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. நேர்காணலுக்கு அணியமாகும் மாணவர் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இது. ஏனெனில் பணிவின் உச்சத்தில் நின்றவரே பெயரிடுவதைத் தவிர்க்கவில்லை.

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இதையே தத்துவ வடிவில் வகுத்துத் தருகிறது. எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் உள என்கிறது அது: செயல் நிகழும் இடமாகிய அதிட்டானம், செய்பவராகிய கர்த்தா, கருவிகளாகிய கரணம், பலவகை முயற்சிகளாகிய சேட்டை, இவற்றோடு தெய்வம். தான் மட்டுமே கர்த்தா என்று காண்பவன் உண்மையைக் காணாதவன் என்று அடுத்த சுலோகங்களுள் ஒன்று கூறுவதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். ஆனால் அந்த ஐந்தனுள் கர்த்தாவும் ஒருவர் என்பதை அந்த அளவுக்கு எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. கண்டிக்கப்படுவது ‘மட்டும்’ என்பதே. ஒரு மருத்துவமனைக்கு வழிகாட்டுப் பலகைகளை வடிவமைத்த மாணவர் குழு ஒன்றைக் கொண்டால், நோயாளிகள் வழி தவறி நின்ற அந்தக் கட்டடம் இடம். வரைபட மென்பொருளும் இப்போது பரவிவரும் செயற்கை நுண்ணறிவும் கருவிகள். தோழர்களின் உழைப்பும் அச்சகத்தாரின் திறனும் முயற்சிகள். எவர் திட்டத்திலும் இல்லாமல் வந்து சேர்ந்தது ஐந்தாவது. இவற்றுக்கு நடுவே எழுத்தின் அளவையும் அம்புக்குறியின் திசையையும் முடிவுசெய்த ஒருவர் இருந்தார். அவர் தம்மை மறைத்துக்கொண்டால் கணக்கில் ஒன்று குறைகிறதே ஒழிய உண்மை கூடிவிடுவதில்லை. 1892 டிசம்பரில் குமரிமுனைப் பாறையில் தியானித்த விவேகானந்தர், பின்னர் அமெரிக்காவில் கர்மயோகம் பற்றி உரையாற்றியபோது வற்புறுத்தியதும் பற்றற்ற செயலையே. செயலற்ற பற்றின்மையை அன்று.

சைவ சித்தாந்தம் இன்னும் நுண்ணியதொரு பாகுபாட்டைச் செய்கிறது. அகங்காரம் என்பது அதன்படி மனம், புத்தி, சித்தம் ஆகியவற்றோடு சேர்ந்த அகக்கருவிகளுள் ஒன்று. நான் இதைச் செய்வேன் என்று எழுந்து நிற்கும் ஆற்றல் அது. அஃதின்றி எச்செயலும் தொடங்காது. ஆணவமோ செம்பில் களிம்புபோல உயிரை அநாதியே பற்றி, அதன் அறிவை மறைக்கும் மலம். பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டதால், கருவியைத் துறப்பதே மலத்தை நீக்குவது என்னும் மயக்கம் பரவியிருக்கிறது. சித்தாந்த நோக்கில் பார்த்தால், தன் பங்கை அறியாமலோ அறிந்தும் சொல்லாமலோ இருப்பதும் மறைப்புத்தான்.

நேர்காணலுக்கு மிக நெருக்கமான காட்சி யோசேப்பின் வரலாற்றில் உள்ளது. விவிலியத்தின் ஆதியாகமத்தில், பார்வோனின் கனவுக்குப் பொருள் சொல்ல அழைக்கப்படும் யோசேப்பு, விடை தன்னிடமிருந்து வருவதன்று, தேவனிடமிருந்து வருவது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். வரப்போகும் பஞ்சத்தைச் சமாளிக்க ஞானமுள்ள ஒருவரை நியமிக்குமாறு கூறுகிறாரே தவிர, தன் பெயரை முன்வைப்பதில்லை. பார்வோனே அவரைத் தேர்ந்தெடுக்கிறான். திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயத்திலோ, அதே நபி யூசுப், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு அரசனிடம் நேராகக் கேட்டு, தாம் பாதுகாக்கவும் அறிந்து நடத்தவும் வல்லவர் என்று தம் தகுதிகளையும் சொல்கிறார். பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காகச் செய்யும் வழிபாட்டை முகஸ்துதி என்று கடுமையாக விலக்கும் இஸ்லாம், இந்த இடத்தில் யூசுபைக் குறை கூறவில்லை. மக்களின் நன்மைக்குத் தேவைப்படும் திறனை, தேவைப்படும் நேரத்தில், உள்ளபடி சொல்வது தற்புகழ்ச்சியாகாது என்றே விளக்கவுரையாளர்கள் கொண்டனர். கோட்டாற்றிலும் தக்கலையிலும் அருகருகே வாசிக்கப்படும் இவ்விரு வரலாறுகளும் இரு வழிகளையும் திறந்தே வைக்கின்றன. இன்றைய மாணவருக்கு யூசுபின் வழியே பொருந்தும் என்று கருத இடமுண்டு: கனவுக்கு யோசேப்பு பொருள் சொன்னதைப் பார்வோன் நேரில் கண்டிருந்தான், வேலை தருபவரோ மாணவரை முப்பது நிமிடமே காண்கிறார்.

எனினும் இம்மாவட்டத்தின் சமய வரலாற்றில் இக்கேள்விக்கு மிக ஆழமான விடை சாமித்தோப்பில் இருக்கிறது. அய்யா வைகுண்டர் (1809–1851) நிறுவிய வழிபாட்டில், பதியின் பள்ளியறையிலும் நிழல் தாங்கல்கள் எனப்படும் வழிபாட்டிடங்களிலும் சிலைக்குப் பதிலாக நிலைக்கண்ணாடி வைக்கப்படுகிறது. தொழ வருபவர் அதில் காண்பது தம் உருவத்தையே. ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வணங்குவது அங்கு முறை. அக்காலத் திருவிதாங்கூரில் தலைப்பாகையும் முழங்காலுக்குக் கீழே தாழ்ந்த உடையும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மறுக்கப்பட்டிருந்தன. பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த நீண்ட போராட்டம் 1859ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின்னரே ஓரளவு ஓய்ந்தது. கூனிக் குனிந்து நிற்பதையே ஒழுக்கமாகக் கற்பிக்கப்பட்ட மக்களிடம், நிமிர்ந்து நின்று உன்னைப் பார், இறைவன் அங்கே இருக்கிறான் என்று சொன்னது அந்தக் கண்ணாடி. அகந்தையை ஒழி என்னும் போதனை, தான் என்று சொல்லிக்கொள்ளவே இடமின்றி வாழ்ந்தவரிடம் சொல்லப்படும்போது அறநெறியாக இராமல் அடக்குமுறையாக மாறிவிடும் என்பதை வைகுண்டர் அறிந்திருந்தார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்று, பெங்களூருவிலோ திருவனந்தபுரத்திலோ ஆங்கிலம் பேசும் மூவர் முன்னால் குரல் தாழ்ந்து அமரும் மாணவரின் மௌனத்தைப் பணிவு என்று வாழ்த்துமுன், அது எத்தனை தலைமுறைகளின் அச்சம் என்று கேட்டுப்பார்க்க வேண்டும்.

திருக்குறளும் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. அடக்கமுடைமைக்கும், நான் எனது என்னும் செருக்கை அறுக்கச் சொல்லும் துறவுக்கும் அறத்துப்பாலில் அதிகாரம் அமைத்த வள்ளுவர், அவையைக் கண்டு அஞ்சுபவரின் கல்வி பயனற்றது என்பதற்குப் பொருட்பாலில் அவையஞ்சாமை என ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட குமரிமுனை வள்ளுவர் சிலையில், 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், அதன்மேல் 95 அடி உயர்ந்து நிற்கும் உருவம் ஏனைய இரு பால்களையும் குறிக்கின்றன; அதை வடிவமைத்த கணபதி ஸ்தபதியின் பெயரை உலகம் அறியும், அவரோடு உளி பிடித்த நூற்றுக்கணக்கானவரின் பெயர்களை அறியாது. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரங்களோ தேர்ந்தெடுப்பவரின் கடமையைப் பேசுகின்றன. நேர்காணல் பற்றிய அறிவுரைகள் அனைத்தும் மாணவரை நோக்கியே சொல்லப்படும் இக்காலத்தில், ஆராய்ந்து தெளிய வேண்டிய பொறுப்பு மேசையின் மறுபக்கத்தில் இருப்பவருக்கே முதலில் உண்டு என்பதை வள்ளுவர் மறக்கவில்லை.

இந்தியாவின் வடிவமைப்புக் கல்வி தொடங்கிய விதமும் இங்கு நினைவுக்குரியது. சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் மிக உயர்த்திப் போற்றிய பொருள், வீடுதோறும் புழங்கிய செம்பு. தனியொருவர் வடிவமைக்காமல், பல தலைமுறையினர் கைபடக் கைபடத் திருந்தி வந்த பொருள் அது. அவ்வறிக்கையின் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. கைவினை மரபுகளை நேரில் சென்று ஆவணப்படுத்துவது இன்றும் வடிவமைப்புப் படிப்பின் பகுதியாக உள்ளது. கெம்புக்கல் பதித்த கோயில் நகைகளுக்குப் பெயர்பெற்ற வடசேரிக்கும் கல்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற மயிலாடிக்கும் மாணவர்கள் செல்லும்போது, அங்கே கண்டு கற்றது அவர்களின் தொகுப்பில் அழகிய பக்கங்களாகிறது. கற்பித்தவரோ அப்பக்கங்களில் உள்ளூர்க் கைவினைஞர் என்னும் பொதுச்சொல்லாகச் சுருங்கிவிடுகிறார். நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது ஊரின் பெயரைக் காக்கிறது. பட்டறையில் அமர்ந்திருப்பவர் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தம் பெயரைப் பதிந்துகொள்ளப் புவிசார் குறியீட்டுச் சட்டம் இடம் தந்தாலும், அந்தக் குறியீடு சுமப்பது ஊரின் பெயரையே.

ஆகவே தன் பங்கை அச்சமின்றிச் சொல்லும் மாணவர், அதே மூச்சில் பிறர் பங்கையும் பெயரோடு சொல்லக் கடமைப்பட்டவர். எந்த வரைவு தன்னுடையது, எந்தக் கருத்து தோழியுடையது, எந்தப் படத்தைக் கருவி உருவாக்கியது, கல் பதிக்கும் முறையை எந்த ஆசாரி காட்டிக்கொடுத்தார் என்று, உரியவரின் ஒப்புதல் பெற்று, ஒவ்வொரு பணியின் முதல் பக்கத்திலும் எழுதி வைக்கட்டும். வடிவமைப்பு ஆசிரியர்கள் மதிப்பீட்டுத் தாளில் அப்பக்கத்துக்கும் மதிப்பெண் ஒதுக்கட்டும். வேலை தருவோர் நேர்காணலில் அதையே முதலில் திறந்து பார்க்கட்டும்.