எடுத்து ஆற்றும் கை

விழுந்த ஒன்றைத் தூக்கி எடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? அது விழுந்ததில் நமக்கும் பங்கு உண்டென்றால், எதுவரை நாம் அதற்குக் கடன்பட்டவர்கள்? இந்தக் கேள்வி ஒரு மாலைப்பொழுதில் இராயபுரத்து மொட்டை மாடி ஒன்றில், ஒரு புறாவின் உருவில் என்முன் வந்து விழுந்தது.

எங்கள் தெருவில் கர்ணப் புறா வளர்க்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை சுமந்து குடும்பத்தைக் காத்தவரின் மகன். பறந்துகொண்டிருக்கும்போதே பின்புறமாகக் கரணம் அடிக்கும் புறாவைத்தான் வட சென்னையில் கர்ணப் புறா என்கிறார்கள். அன்று வெளியூரிலிருந்து என் வீட்டிற்கு உறவினர் வந்திருந்தனர். காற்று பலமாக வீசியது. “இன்னைக்கு வேணாம் ஐயா” என்று அவர் தயங்கினார். “ஒரே ஒரு முறை, தம்பி” என்று வற்புறுத்தியவன் நான். அவருடைய கூண்டிலேயே சிறந்ததெனப் பெயர் பெற்ற சாம்பல் நிறப் பெட்டை மேலேறியது. ஒரு கரணம், இரண்டு, மூன்று. நாங்கள் கைதட்டினோம். அதன்பின் அந்தப் பறவையால் நிறுத்த முடியவில்லை. உருண்டபடியே இறங்கி, மாடியின் கைப்பிடிச் சுவரில் மோதி விழுந்தது.

உயிர் இருந்தது. மூக்குத் துளையில் ஒரு துளி இரத்தம். கழுத்து ஒருபுறம் சாய்ந்திருந்தது. ஒரு கண்ணின் பாவை மற்றதைவிட விரிந்திருந்தது. உடனே எங்கள் எல்லாருக்கும் ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற பதற்றம். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார் ஒருவர். விளக்கருகே வைத்துச் சூடு காட்டச் சொன்னார் மற்றொருவர். பறக்க வைத்துப் பார்த்தால் தெளியும் என்றார் இன்னொருவர்.

கால்நடை மருத்துவர் இவை மூன்றையும் மறுத்தார். நினைவு தெளியாத பறவையின் வாயில் ஊற்றும் நீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். மிகுந்த சூடு மூளையின் வீக்கத்தைக் கூட்டும். ஒளியும் ஓசையும் மனிதக் கைகளின் தொடுதலும் அதற்கு அச்சத்தையே தரும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டி ஒன்று, அதனுள் மெல்லிய துணி, உடல் சாய்ந்துவிடாதபடி, தலை சற்று உயர்ந்து நிற்குமாறு சுருட்டி வைத்த துணி வளையம், இருள், அமைதி. வீக்கம் தணிக்கும் மருந்தை எடைக்கேற்ப அளந்து அவரே கொடுத்தார். கழுத்து திருகுவதற்கு நச்சுயிரி நோயும் காரணமாகலாம் என்பதால், சில நாள்கள் மற்றப் புறாக்களுடன் சேர்க்க வேண்டாம் என்றும் எச்சரித்தார். “மற்றபடி சும்மா விடுங்கள்” என்று முடித்தார்.

சும்மா விடுதல்! சொல்லுக்கு எளியது, செய்வதற்கு எத்துணை அரியது! அன்றிரவு அந்த இளைஞர் நான்கு முறை பெட்டியைத் திறந்து பார்த்தாராம். நானும் மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். எங்கள் வருகை புறாவுக்காக நிகழ்ந்ததா, எங்கள் மனவேதனையைத் தணித்துக்கொள்வதற்காக நிகழ்ந்ததா? நோயாளியின் கட்டிலருகே நாம் பேசும் பேச்சுகளிலும் கொடுக்கும் அறிவுரைகளிலும் பாதி, நம்முடைய அச்சத்துக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் மருந்துதானே? பிறருக்கு ஓய்வு தருவதென்றால், முதலில் நம் பதற்றத்தை வாயிலுக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டும். ஓய்வில் நடைபெறும் வேலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம்மால் அதை விரைவுபடுத்தவும் முடிவதில்லை.

இனி, இப்பறவை விழுந்ததேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். வளர்ப்புப் புறாக்கள் அனைத்துக்கும் மூதாதையான காட்டு மாடப்புறா கரணம் அடிப்பதில்லை. எப்போதோ ஏதோ ஒரு பறவையிடம் தோன்றிய இயல்பை மனிதன் கண்டான், வியந்தான், அத்தகையவற்றையே தேர்ந்து இணை சேர்த்தான். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரின் பெயரைத் தாங்கிய உருளும் புறாக்களுக்கு வேகமும், உருளும் ஆழமும், பலவும் ஒரே கணத்தில் சேர்ந்து உருளுதலுமே பெருமை. தரையில் உருள்வதற்கென்றே வளர்க்கப்பட்ட மற்றோர் இனமோ, பறக்கும் திறனையே அநேகமாக இழந்துவிட்டது. எந்தப் பறவை தரைக்கு மிக அருகில் வரும்வரை உருள்கிறதோ அதற்கே கைதட்டல் மிகுதி. அப்படியானால் விழுதலின் விதையை அதன் குருதியில் விதைத்தவர் யார்? நிறுத்தத் தெரியாமல் மோதி விழுவதைக் ‘கெட்ட பறவை’ என்று ஒதுக்குகிறோம். நாம் கேட்டதைச் சற்று அதிகமாகக் கொடுத்துவிட்டது என்பதைத் தவிர அது செய்த பிழை என்ன?

சார்லஸ் டார்வின் தாமே புறா வளர்த்தவர். இலண்டன் புறாக் கழகங்களில் உறுப்பினராகவும் இருந்தவர். வளர்ப்பு உயிர்களின் மாறுபாடுகளைப் பற்றி 1868இல் வெளியிட்ட நூலில், இந்தியாவின் லோட்டன் என்னும் புறாவைக் குறிப்பிடுகிறார். அக்பரின் அவைக்களத்து அபுல் பாசல் 1600க்கு முன்பே எழுதிவைத்த பறவை அது. அதை மெல்லக் குலுக்கித் தரையில் விட்டால் உருளத் தொடங்குமாம். ஒருவர் எடுத்து, முகத்தில் ஊதி ஆற்றும்வரை நிற்காதாம். எடுக்காமல் விட்டால் உருண்டு உருண்டே இறந்துவிடும் என்று சொல்லப்படுவதாகவும் டார்வின் எழுதுகிறார்.

இச்செய்தி என்னை உலுக்கியது. குலுக்கிவிடும் கையே எடுத்து ஆற்றவும் வேண்டும். இல்லையேல் அந்த விளையாட்டு கொலையாகிறது. உருட்டுவதற்கு மட்டும் உரிமை கொண்டு, ஆற்றுவதற்கு நேரமில்லை என்பவனை என்னென்பது?

மூன்றாம் நாள் புறா எழுந்து நின்றது. தானியத்தைக் கொத்தியது, அலகு கம்புக்கு அருகில் வெறுந்தரையில் பட்டது. ஒரு குவளையில் கம்பும் சோளமும் நிரப்பி வைத்தபின், குறி தவறினாலும் ஏதேனும் கிடைத்தது. புறா பிற பறவைகள் பலவற்றைப்போல் தலையை நிமிர்த்தி நீர் விழுங்குவதில்லை. அலகை ஆழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும். தலையைத் தாங்க இயலாத புறாவின்முன் ஆழமான கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனால் அதிலேயே மூழ்கிவிடவும் கூடும். ஆகவே அந்த இளைஞர் ஆழமற்ற தட்டில் நீர் வைத்து, கையால் உடலை அணைத்துக் காத்திருந்தார்.

ஒருநாள் அப்படி அமர்ந்திருந்தபோது, என்னைப் பாராமலே சொன்னார்: “எங்க அப்பாவும் மூட்டையோட விழுந்து தலையில அடிபட்டவருதான் ஐயா. பத்தாம் நாளே வேலைக்குப் போயிட்டாரு. போகலேன்னா கூலி இல்ல. அவருக்கு யாரும் இப்படி ஓர் இருட்டறை கொடுக்கல.” அவருடைய தந்தை அதன்பின் பல ஆண்டுகள் தலைவலியோடும் மறதியோடும் வாழ்ந்து மறைந்தவர். நானும் அத்தெருவில்தான் இருந்தேன். அவர் வேலைக்குத் திரும்பியதைப் பார்த்து, ‘எவ்வளவு உறுதியான மனிதர்!’ என்று மெச்சியதும் எனக்கு நினைவிருக்கிறது. அதுவும் ஒரு கைதட்டல்தான் என்பது இப்போதுதான் புரிகிறது.

மூன்று வாரங்களில் கழுத்து நிமிர்ந்தது, கண்கள் ஒத்தன. பந்தயத்துக்கு ஒரு மாதமே இருந்தது. “மறுபடி மேலே விடலாமா?” என்று கூட்டாளிகள் கேட்கத் தொடங்கினர். ஓய்வு எதற்காக? மீண்டும் பயன்படுத்துவதற்காக என்றால், அது கருவியைத் துடைத்து வைப்பது போன்றது. பறவையின் பொருட்டே என்றால், அது திரும்பிப் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அந்த ஓய்வுக்கு அது உரியது. மறுபுறம், சிறகுள்ளதைக் காலமெல்லாம் பெட்டிக்குள் வைப்பதும் கருணையாகாது. பறத்தல் அதன் இன்பம் அன்றோ! இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் உண்மை தடையாக நின்றது. ஓய்வு காயத்தை ஆற்றும். பிறவி இயல்பை மாற்றாது. உயரே சென்றால் அது மீண்டும் உருளும்.

அந்த இளைஞர் பந்தயத்துக்கு அதை விடவில்லை. மாடியில் அகன்ற வலைக்கூண்டு ஒன்று கட்டினார். மூலைக்கு மூலை தாழப் பறக்க அதில் இடம் இருக்கிறது. அதன் முட்டைகளையும் அடைகாக்க விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். அவருக்கு அது சிறிய இழப்பன்று; அப்பறவையின் குஞ்சுகளுக்கு நல்ல விலை பேசப்பட்டிருந்தது. கூண்டுக்கான வலையின் செலவை நான் ஏற்றேன். அதனால் என் கடன் தீர்ந்துவிட்டதாக எண்ணவில்லை.

இப்போதும் மாலை வேளைகளில் மற்றப் புறாக்கள் மேலே கரணம் அடிக்கின்றன. வலைக்குள்ளிருந்து அது தலையைச் சற்றே சாய்த்து அவற்றைப் பார்க்கிறது. நானும் அண்ணாந்து பார்க்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கை தட்டுவதற்கு முன், இவற்றுள் ஒன்று விழுந்தால் எடுத்து ஆற்ற நான் இருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.