சாக்கடையும் நூல்நிலையமும்

ஒரு நகரத்தை நிர்வகிப்போர் கையிலுள்ள பணம் எப்பொழுதும் தேவையைவிடக் குறைவுதான். குப்பை அள்ள வேண்டும், சாக்கடையைத் தூர் வார வேண்டும், தெரு விளக்கு எரிய வேண்டும், பாதையின் குழிகளை மூட வேண்டும். இவற்றுக்கு நடுவே நூல்நிலையமும் ஒரு பங்கு கேட்டு நிற்கிறது. பணம் போதாதபோது யாருடைய பங்கில் கை வைப்பது? நம்மவரைக் கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல், "முதலில் சாக்கடை, புத்தகம் பிறகு" என்பார்கள். இது சரிதானா என்று நாம் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஈப்போவாசிகளாகிய நமக்கு இது கற்பனைக் கேள்வி அன்று. துன் ரசாக் நூல்நிலையம் ஈப்போ மாநகர் மன்றத்தின் பொறுப்பில் உள்ளது. 2011-ல் சில மாநிலங்களில் குப்பை அள்ளும் பொறுப்பு நகராட்சிகளிடமிருந்து நடுவண் அரசுக்குப் போயிற்று. பேராக் அதில் சேரவில்லை. ஆகவே குப்பை வண்டியும் புத்தக அலமாரியும் ஒரே தராசில், நாம் கட்டும் மதிப்பீட்டு வரியை எதிர்பார்த்து நின்றன.

இங்கிலாந்தில் முஸ்லிம்கள் ஏராளமாய் வாழும் பர்மிங்ஹாம் நகரத்தைப் பாருங்கள். 2013-ல் பெரும் பொருட்செலவில் புதிய நூல்நிலையம் ஒன்றைத் திறந்தது. பத்தே ஆண்டுகளில், 2023 செப்டம்பரில், வரவுக்குள் செலவை அடக்க இயலாதென்று அந்நகர மன்றம் சட்டப்படி அறிவிக்க நேர்ந்தது. பெண் ஊழியருக்குச் சம ஊதியம் தராமல் விட்ட பாக்கியும், கணக்கு வைக்க வாங்கிய கணினி ஏற்பாடு கோளாறானதும் முக்கியக் காரணங்கள். 2024-ல் வரியை நூற்றுக்குப் பத்து அளவில் ஏற்றினார்கள். தெரு விளக்கை மங்கலாக்குவது, குப்பையை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அள்ளுவது, வட்டார நூல்நிலையங்களைக் குறைப்பது என்றும் திட்டமிட்டார்கள். நஷ்டத்துக்குக் காரணமானவற்றில் வட்டார நூல்நிலையம் இல்லை. வெட்டு மட்டும் அதன்மேலும் விழுந்தது. முதலாளியின் கணக்குப் பிழைக்காகக் கடைப் பையனின் தேநீரை நிறுத்துவது போலத்தான் இது.

காரணம் தெளிவு. சாக்கடை அடைத்துக்கொண்டால் அன்றைக்கே நாற்றம் எடுக்கும். மாலைக்குள் மன்றத்துக்குப் பத்துப் பேர் புகார் சொல்லுவார்கள். நூல்நிலையத்தில் ஓராண்டு புது நூல் வாங்காவிட்டால் எவர் மூக்குக்கும் தெரியாது. கூச்சலை வைத்து அவசியத்தை அளந்தால் நூல்நிலையம் ஒரு நாளும் வெல்லாது.

சாக்கடை முதலில் என்போர் பக்கமும் நியாயம் உண்டு. சுத்தத்தை ஈமானோடு சேர்த்துச் சொன்னது நம் மார்க்கம். கொசு பெருகிக் காய்ச்சல் பரவும் தெருவில் உயிரைக் காப்பதே முந்தியது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மனிதருடைய நலன்களை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். இன்றியமையாதவை ளரூராத், இல்லாவிட்டால் சிரமம் தருபவை ஹாஜாத், அழகும் சிறப்பும் சேர்ப்பவை தஹ்ஸீனாத். நம்மில் பலர் நூல்நிலையத்தை மூன்றாம் படியிலே, பூந்தொட்டிக்கும் நீரூற்றுக்கும் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். ஆனால் முதற்படியில் காக்கப்பட வேண்டியவையென இமாமவர்கள் எண்ணியவை ஐந்து: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள். சாக்கடை உயிரின் பேரால் முதற்படியில் ஏறுகிறதென்றால், அறிவின் பேரால் வருவதை வாசலில் நிறுத்துவானேன்?

அறிவைக் காப்பதற்குச் சட்ட நூல்கள் காட்டும் உதாரணம் மதுவிலக்குத்தானே, புத்தகம் எங்கிருந்து வந்தது என்று ஆலிம் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரையுள்ள ரப்பர்த் தோட்டங்களை நினைத்துப் பார்ப்போம். தோட்டம் தனியார் நிலம். நகராட்சியின் குப்பை வண்டியும் அங்கே போகவில்லை, நூல்நிலையமும் போகவில்லை. பள்ளிக்கூடம் வைக்கும்படி 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னதால் ஒரு கொட்டகையாவது எழுந்தது. கள்ளுக்கடையும் இருந்தது. பால் மரம் சீவி வந்தவன் மாலையில் உட்கார வேறு இடம் இருந்ததா? கள்ளைத் தடுப்பது பாதி வேலை. அந்த மாலை நேரத்துக்கு வேறொன்றைக் கொடுப்பது மற்றப் பாதி.

பத்ருப் போரை எண்ணுவோம். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு. மக்காவில் எல்லாவற்றையும் விட்டு வந்த முஹாஜிர்கள் மதீனாவில் வறுமையில் இருந்த காலம். ஈட்டுப் பணம் தர வசதியில்லாத, ஆனால் எழுதத் தெரிந்த கைதிகளிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதையே ஈடாக ஏற்றார்கள். அக்கைதிகளைக் கிணறு வெட்ட விட்டிருக்கலாம். பேரீச்சந் தோப்பில் நீர் இறைக்க விட்டிருக்கலாம். மதீனாவில் வேலைக்கா பஞ்சம்? வயிறு நிறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுத்தைத் தள்ளி வைக்கவில்லை.

எல்லாம் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறதே என்பாரும் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டபின் நகரத்து அடுக்குமாடியில் ஆறு பேர் ஒண்டிக் குடியிருக்கும் வீட்டில், தொலைபேசி தகப்பனாருடையது, தொலைக்காட்சி எல்லாருடையது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு விளக்கு, சற்று அமைதி.

அதற்காகப் புத்தகம் அடுக்கிய கட்டடமெல்லாம் அறிவைக் காத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் வைத்து, வேலைக்குப் போகிறவன் வரும் நேரத்தில் கதவைச் சாத்தினால் அது மூன்றாம் படியிலேயே கிடக்கட்டும். சிக்கனம் வேண்டுமானால் அலங்காரத்தில் வெட்டலாம். திறந்திருக்கும் நேரத்திலும் நூல் வாங்கும் தொகையிலும் வெட்டலாகாது.

சென்னை மாகாணத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களின் முயற்சியால் 1948-ல் வந்த பொது நூல்நிலையச் சட்டம், சொத்து வரியோடு நூல்நிலைய வரி என்று தனியாக ஒரு சிறு தொகையை வசூலிக்கச் செய்தது. சாக்கடையோடு ஆண்டுதோறும் மல்லுக்கு நிற்கும் அவதி அதனால் குறைந்தது. சட்டம் போட்டதும் எல்லாம் நேராகிவிடவில்லை. வசூலித்த வரியைச் சென்னை மாநகராட்சி உரிய இடத்தில் சேர்க்காமல் கோடிக் கணக்கில் நிலுவை வைத்ததாகப் பிற்காலத்தில் பத்திரிகைகள் எழுதின.

நூல்நிலையம் வேண்டுமானால் வக்ஃபு செய்யுங்கள், மன்றத்தை ஏன் தொல்லைப்படுத்துகிறீர்கள் என்கிறார்கள் சிலர். வக்ஃபு மிக நல்லது. அதற்கு மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் வழியாகச் செல்லலாம். ஆனால் நகர வரி கட்டுவோர் நாம் மட்டுமல்லவே! புந்தோங்கில் இருக்கும் இந்துச் சகோதரரும் கட்டுகிறார், சீனக் கடைக்காரரும் கட்டுகிறார். அவர்கள் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து படிக்கும் உரிமை அந்த வரியில் இருக்கிறது.

மன்ற உறுப்பினர்களை நாம் வாக்களித்து அனுப்பும் வழக்கம் 1965-ல் நிறுத்தப்பட்டு, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிவிட்டது. மாநில அரசே அவர்களை நியமிக்கிறது. ஆதலால் நமக்கு எஞ்சிய வழி மனுத்தான். சாக்கடைக்காக அடுத்த மனு எழுதும்போது, நூல்நிலையம் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, ஆண்டுக்கு எத்தனை தமிழ் நூல்கள் வாங்கப்படுகின்றன என்று அதே தாளின் கீழே இரண்டு வரி சேர்த்துக் கேட்போமாக.