கறளும் கறுப்புப் பெயின்றும்

மனோர் பார்க்கில் அத்தான் வீட்டு வாசலில் 2009ஆம் ஆண்டு ஃபோர்ட் டிரான்சிட் வான் ஒன்று நிற்கிறது. கடைக்குச் சாமான் ஏற்றி இறக்கி உழைத்த வான். 2021 ஒக்ரோபர் 25இல் யூலெஸ் வலயம் வடக்கு, தெற்கு வட்டச்சாலைகள் வரை விரிந்தபோது, சாலைக்கு உட்புறமாகக் கிடக்கும் மனோர் பார்க்கும் அதற்குள் அகப்பட்டது. டீசல் வான் என்றால் யூரோ 6 தரம் வேண்டும். இல்லையென்றால் ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். கொஞ்சக் காலம் கட்டிப் பார்த்தார், பிறகு வேறு வான் எடுத்தார். பழையதை விற்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29இலிருந்து லண்டன் முழுவதுமே வலயம் என்பதால் வாங்குகிறவர் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும்.

“தம்பி, கீழ புகைக்குழாயெல்லாம் கறள் ஏறிக் கிடக்கு. ஒரு கறுப்புப் பெயின்ற் அடிச்சு விடும்” என்றார் அத்தான். கணினி திருத்துகிறவன் எதையும் திருத்துவான் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை.

புகைக்குழாயில் தெரியும் கறள் பெரும்பாலும் பார்வைக்குத்தான் பயங்கரம். மழையும், பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பும் சாதாரண உருக்கை ஒரு வருடத்திலேயே செம்மண் நிறமாக்கிவிடும். வார்ப்பிரும்புப் பாகங்கள் அதைவிடக் கெதியாகச் சிவக்கும். ஆனால் தடிப்பு அதிகம் என்பதால் பல வருடம் தாங்கும். கம்பித் தூரிகையால் உதிர்வதைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, 600 பாகை வரை தாங்கும் பெயின்றை மெல்லிதாக இரண்டு தரம் அடித்து, எஞ்சினை ஓடவிட்டுச் சூட்டில் இறுக விடவேண்டும். சாதாரணப் பெயின்ற் என்றால் முதல் ஓட்டத்திலேயே எரிந்து நாறும்.

கெட்ட கறள் உள்ளேயிருந்து வருவது. எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. குட்டி ஓட்டம் ஓடி நிறுத்தினால் சைலன்சர் முழுதாகச் சூடேறாது. நீராவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கி, அமிலமும் சேர்ந்து, தகட்டை உட்புறமாகத் தின்னும். வீட்டுக்கும் கடைக்கும் ஓடிய அத்தானின் வானுக்கு வாய்த்தது அந்த வாழ்க்கைதான். கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது, தட்டித்தான் பார்க்கவேண்டும். திருப்புளிப் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடமும் கணீரென்றது. சைலன்சரின் பின் மூட்டில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சத்தம் மந்தமாக வந்தது.

“ஓட்டை இருக்கே?” என்றார் அத்தான். இல்லை. “போன மாசம்தானே எம்.ஓ.ரி. பாஸ் பண்ணினது. பிறகென்ன?”

அவர் சொன்னதில் பிழையில்லை. சோதனையில் புகை கசிந்தால்தான் தோல்வி, மேற்கறளுக்கு அல்ல. வீதிக்கு உதவாத வாகனத்தை விற்பது 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். இது ஓடக்கூடிய வான். தனியாள் தனியாளுக்கு விற்கும்போது சொல்வது பொய்யாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். கேட்காத குறையைத் தானாக எடுத்துச் சொல்லும்படி சட்டம் கேட்கவில்லை.

சிசரோ கி.மு. 44இல் மகனுக்கு எழுதிய ‘கடமைகள்’ நூலின் மூன்றாம் பகுதியில் இதே வழக்கு இருக்கிறது. ஒருவன் வீடு விற்கிறான். அதன் குறைகள் அவனுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லவேண்டுமா? பாபிலோனின் தியோஜினிஸ், சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். அவருடைய மாணவர் அந்திபாற்றர் மறுக்கிறார். சிசரோ மாணவரின் பக்கம் நிற்கிறார்: மற்றவருக்குத் தெரியவேண்டியதை உன் இலாபத்துக்காகத் தெரியாமல் வைத்திருந்தால் அது மறைப்புத்தான்.

வானின் கீழே மல்லாந்து கிடந்தபோது தியோஜினிஸ் சொல்வதும் நியாயம்போல்தான் பட்டது. கையில் பெயின்ற் டப்பாவை எடுத்த பிறகு அது நிற்கவில்லை. நல்ல தகட்டில் அடித்தால் அது பராமரிப்பு. மந்தச் சத்தம் வந்த மூட்டில் அடித்தால்? டப்பா ஒன்று, கை ஒன்று, பளபளப்பும் ஒன்று. வித்தியாசம் எனக்குத் தெரிந்த ஒன்றில் மட்டும் இருக்கிறது. (அலுவலகத்தில் இருபது வருடப் பழைய நிரலுக்குப் புதுத் திரை போட்டுக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அங்கே இப்படி யோசித்ததில்லை.)

ஒட்டுப்போடுவது தவறென்று நான் சொல்ல முடியாது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன். தகரமும் கம்பியும் சுற்றாத சைலன்சரை அங்கே நான் கண்ட ஞாபகம் இல்லை. ஆனால் அந்தக் கம்பி எல்லோருக்கும் தெரிந்த கம்பி. ஏறுகிறவருக்கும் தெரியும், எதில் ஏறுகிறோம் என்று.

எல்லாவற்றுக்கும் பெயின்ற் அடித்துவிட்டு அந்த மூட்டை மட்டும் அப்படியே விட்டேன். சொல்லாமல் சொல்லியாயிற்று என்று ஒரு திருப்தி. இப்போது யோசித்தால் அது கோழைத்தனம். வான் வாங்க வருகிறவர்களில் எத்தனை பேர் கீழே படுத்துப் பார்க்கிறார்கள்?

மில்டன் கீன்ஸிலிருந்து ஒரு தம்பி வந்தார். வீடுகளுக்கு மரக்கறி கொண்டுபோய்க் கொடுக்கிற தொழில் தொடங்கப்போகிறார். ரயரைப் பார்த்தார், எஞ்சினைக் கேட்டார். பனிக்காலத்தில் இடையிடையே எஞ்சினை ஓடவிட்டு உள்ளேயே இருந்து சாப்பிடலாம், ஹீற்றர் நல்லாயிருக்கு என்று சந்தோசப்பட்டார். பிறகு, “அண்ணை, கீழ எல்லாம் சரிதானே?” என்று கேட்டார்.

அத்தான் என்னைப் பார்த்தார்.

எனக்குக் கண்ணில் நின்றது மூடிய கண்ணாடி, ஓடுகிற எஞ்சின், என்றோ ஒருநாள் பிளக்கப்போகும் மூட்டு. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. “ஒரு இடம் மெலிஞ்சு போச்சு. இப்ப ஓட்டை இல்லை. பனிக்கு முதல் சைலன்சரை மாத்த வேணும்” என்றேன். போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். பிறகு அழைக்கிறேன் என்று போனவர் அழைக்கவில்லை. பளபளக்கிற வேறொரு வானை எங்கேயாவது வாங்கியிருப்பார், அதன் மூட்டை யாரும் தட்டிப் பார்த்தார்களோ தெரியாது.

அத்தான் மூன்று கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை. போன ஞாயிறு அக்கா தேத்தண்ணி தந்தபோது, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “அந்தச் சைலன்சர் என்ன விலை வருமாம்?”